ஷாஷாவின் ‘தி டே ஆஃப் தி அவுல்’ படித்தவர்களே, உங்களை இன்னும் விடாத இடம் எது? (முடிவு வரை பேசுவோம், படிக்காதவர்கள் கவனம்)

வேப்பநிழல்:

இத்தாலிய எழுத்தாளர் லெயோனார்தோ ஷாஷாவை இங்க சிலர் படிச்சிருக்கீங்கன்னு தெரியும், அதனால கதையை விரிவா சொல்லல. சிசிலி. விடியக்காலை. பலெர்மோ போற பஸ். ஓடி வந்து படியில கால் வைக்கப் போன கட்டட ஒப்பந்தக்காரர் கோலாஸ்பெர்னா மேல ரெண்டு வெடி. வடக்க பார்மாவிலிருந்து வந்த கராபினியேரி (இத்தாலியோட ராணுவப் பாணி போலீஸ்) கேப்டன் பெல்லோதி விசாரிக்க வர்றார். இது போதும்.

நான் நிக்கிற இடம் மாஃபியா தலைவர் டான் மரியானோவை எதிர்ல உட்கார வச்சு விசாரிக்கிற காட்சி. அந்தக் கிழவர் மனுஷங்களை அஞ்சு தட்டா பிரிக்கிறாரே, அது. முழு மனுஷன், அரை மனுஷன், அதுக்குக் கீழ குட்டி மனுஷன், அப்படியே இறங்கி இறங்கி கடைசியில குட்டையில வாத்தோட வாத்தா கிடக்க வேண்டிய கூட்டம். சொல்லி முடிச்சுட்டு கேப்டனைப் பார்த்து, இந்தக் காகிதத்துல என்னை ஆணி வச்சு அறைஞ்சாலும் நீங்க ஒரு மனுஷன்ங்கிறார். அதுக்கு பெல்லோதி சொல்ற பதில் ஒரே வார்த்தை: “நீங்களும்தான்.”

எத்தனை கொலைக்குப் பின்னால இருக்கிற ஆள்னு தெரிஞ்சும் சொல்றார். அதுவும் வெறும் மரியாதைக்கு இல்ல, மனசு அசைஞ்சு சொல்றார். சொன்ன அடுத்த நிமிஷமே அவருக்கே அது உறுத்துது, எதிரிக்கு சல்யூட் அடிச்ச மாதிரி. எனக்கு புத்தகத்தை மூடி வச்சுட்டு எழுந்து நடக்கணும் போல இருந்துச்சு. நான் இதுவரை படிச்ச துப்பறியும் கதைகள்ல போலீஸ்காரன் குற்றவாளியை வெறுப்பான், இல்லன்னா அவன் மூளையை வியப்பான். இது ரெண்டும் இல்ல. ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் பொய் சொல்லும்போது, தான் யாருன்னு நேரா சொன்ன ஒரே ஆள் அந்தக் கிழவர்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே கேப்டன் மனசு அவர் பக்கம் ஒரு நொடி சாயுது. படிச்ச என் மனசும் சாஞ்சுது. அதுதான் என்னைத் தூங்க விடல.

உங்களுக்கு எந்த இடம்?

தண்டவாளம்:

எனக்கு முதல் அத்தியாயம். அதைத் தாண்டி எதுவும் எனக்கு அவ்வளவு பெரிசா தெரியல.

பஸ்ஸுக்குள்ள ஆள் நிறைஞ்சிருக்கு. வெளிய ஒருத்தன் விழுந்து கிடக்கான். யாரும் கத்தல. கராபினியேரி வந்து சேர்றதுக்குள்ள பயணிகள் ஒவ்வொருத்தரா இறங்கி, அவசரமே இல்லாம, திசைக்கு ஒருத்தரா கரைஞ்சு போயிடறாங்க. மிச்சம் டிரைவரும் கண்டக்டரும் மட்டும். தினமும் அதே பஸ், அதே ஆட்கள். ஆனா யார் யார் உள்ள இருந்தாங்கன்னு ரெண்டு பேருக்கும் ஒரு முகம்கூட ஞாபகத்துக்கு வரல. பஸ் பக்கத்துல நின்னு கடலைமாவு பனெல்லே வித்துக்கிட்டிருந்த ஆளும் காணோம். அவனைத் தேடிப் பிடிச்சு, யார் சுட்டதுன்னு கேட்டா, ஆச்சரியமா திருப்பிக் கேக்கிறான்: “ஏன், யாராவது சுட்டாங்களா?”

அந்த வரியோட அத்தியாயம் முடிஞ்சிடுது. நான் அடுத்த பக்கம் திருப்பவே இல்ல, திரும்பவும் முதல்லேர்ந்து படிச்சேன். கொலைகாரன் யாருங்கிற கேள்வியே எனக்கு அங்க செத்துப் போச்சு. அந்தச் சதுக்கத்துல நின்ன எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் விசாரிக்க வந்தவர். துப்பறியும் கதையோட அடிப்படையையே தலைகீழா மாத்திட்டார் மனுஷன்.

வேப்பநிழல், நீங்க சொன்ன கிழவர் ‘நேரா பேசினார்’ங்கிறதை நான் ஏத்துக்க மாட்டேன். அந்த பனெல்லேக்காரனை ஊமையாக்கினது அவர்தானே? அடுத்தவன் வாயை அடைச்சு வச்சவர், தான் மட்டும் வாயைத் திறந்து தத்துவம் பேசுறார். அதுல என்ன மனுஷத்தனம்?

குறுக்குவிசாரணை:

நான் வழக்கறிஞர். எனக்கு உறுத்துவது நீங்கள் இருவரும் தொடாத இடம்.

சுட்டவனான மார்கீக்காவைப் பேச வைக்க பெல்லோதி என்ன செய்கிறார்? அவனை ஏவிய பித்சூக்கோ வாக்குமூலம் கொடுத்துவிட்டதாக ஒரு போலித் தாளைத் தயாரித்துக் காட்டுகிறார். மார்கீக்கா அதை நம்பி, காட்டிக்கொடுத்தவனைப் பழிவாங்கும் ஆத்திரத்தில் உண்மையைக் கொட்டுகிறான். நாவல் முழுக்கச் சட்டத்தின் மேல் மதிப்புள்ளவர் என்று நாம் நம்பும் ஒருவர் செய்யும் காரியம் இது. பாசிசத்துக்கு எதிரான விடுதலைப் போராட்டத்தில் ஆயுதம் ஏந்தி, சட்டம் படித்து, அந்தச் சட்டத்தைக் காக்கவே சீருடையில் தொடர்ந்தவர். அந்தத் தாளை மேசை மேல் வைக்கும் பக்கத்தில் நான் நீண்ட நேரம் நின்றேன். வாசகர்கள் பெரும்பாலும் அதைச் சாமர்த்தியம் என்று ரசித்துக் கடந்துவிடுகிறார்கள்.

பிறகு வழக்கு சரியும்போது எல்லோரும் ரோமில் இருக்கும் பெரிய மனிதர்களையே குறை சொல்கிறோம். அவர்கள் தப்பவிட்டார்கள் என்பது சரி. ஆனால் அவர்கள் தொட்டவுடன் இடிந்து விழும்படி அந்தச் சுவரின் அடியில் ஒரு போலிக் கல்லை வைத்தது யார்?

ஈரமண்:

வக்கீல் சார், வழக்கு அந்தப் போலித் தாளால சரியல. திரும்பப் படிங்க. மார்கீக்கா அன்னைக்கு வேற ஊர்ல இருந்தான்னு மதிப்பான மனுஷங்க வந்து சாட்சி சொல்றாங்க. வழக்கு அங்கதான் உடையுது.

நான் எழுத வந்தது நிக்கோலோசியோட மனைவியைப் பத்தி. யாருமே அவளைச் சொல்லாதது எனக்கு வேதனையா இருக்கு. மரம் கழிக்கிற கூலிக்காரன் புருஷன். சுட்டுட்டு ஓடினவனைப் பார்த்துட்டான், அதுக்காகவே காணாமப் போறான். அந்த ஊர்ல வாயைத் திறக்கிற தைரியம் இருந்தது அவளுக்கு மட்டும்தான். புருஷன் சொன்ன பட்டப்பேரை, ஸிக்கினெத்தாங்கிறதை, கேப்டன் கிட்ட அவதான் சொல்றா. அந்த ஒரு பேர்லதான் மொத்த விசாரணையும் நகருது. பஸ் நிறைய ஆம்பளைங்க இறங்கி ஓடின ஊர்ல இது.

கடைசியில என்ன ஆகுது? அவளுக்குக் கள்ளக்காதலன் இருந்தான், அவன்தான் புருஷனைக் கொன்னான்னு வழக்கு திரும்புது. அரசியலும் இல்ல, ஒப்பந்தப் பணமும் இல்ல, பொம்பள விவகாரம்னு ஃபைலை மூடறாங்க. நான் அந்தப் பக்கத்தை பஸ்ல நின்னுக்கிட்டே படிச்சேன், இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கவனிக்கவே இல்ல. கைகால் நடுங்குச்சு. கொலையை மறைக்கிறதுக்கு ஒரு பொண்ணோட பேரைக் கெடுக்கிறது எவ்வளவு சுலபம்னு ஷாஷா மெனக்கெட்டு விளக்கல. சும்மா நடந்ததைச் சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போறார். அதான் இன்னும் வலிக்குது.

அந்தக் கிழவரோட அஞ்சு தட்டுல இவ எங்க வர்றா? எங்கயும் இல்ல. அவர் எண்ணினது ஆம்பளைங்களை மட்டும்.

பற்றுவரவு:

ஓய்வுபெற்ற தணிக்கையாளன் நான். என் கண்ணில் நின்றது வேறு.

டான் மரியானோவிடம் பெல்லோதி கேட்கும் கேள்விகளில் பாதி கொலையைப் பற்றியவை அல்ல. இத்தனை வங்கிகளில் இவ்வளவு வைப்புத்தொகை எங்கிருந்து? உங்கள் நிலத்தில் விளைச்சலே இல்லையே? வருமான வரிக் கணக்கில் ஏன் இது வரவில்லை? மகளை சுவிட்சர்லாந்தில் விலை உயர்ந்த விடுதிப் பள்ளியில் படிக்க வைக்கிறீர்களே, எப்படி? அதுவரை பாறை போல் உட்கார்ந்திருந்த கிழவர் மகள் பேச்சு வந்ததும் சிலிர்த்துக்கொள்கிறார். முப்பது வருடங்களுக்கு மேல் பேரேடுகளோடு வாழ்ந்த எனக்கு அந்தப் பக்கம் படபடப்பைத் தந்தது. வழி அதுதான்! சாட்சி பயப்படுவான், மறந்துபோவான், செத்துப்போவான். வங்கிப் பேரேட்டுக்கு பயம் கிடையாது.

பெல்லோதி அதற்கு முன் ஒரு கணம் தடுமாறுகிறார். பாசிச காலத்தில் முசோலினி அனுப்பிய ‘இரும்பு’ அதிகாரி மோரி செய்தது போல, உரிமைகளை எல்லாம் நிறுத்திவைத்து அடித்து நொறுக்கினால் என்ன என்ற எண்ணம் வருகிறது. அதை ஒதுக்கிவிட்டு, வேண்டியது வங்கிகளின் மேல் பாயும் நிபுணர்கள், அமெரிக்காவில் வரி ஏய்ப்பில் பிடிப்பது போல் பிடிக்க வேண்டும் என்று வந்து சேர்கிறார். நாவல் வெளியான ஆண்டு 1961. இத்தாலிய நாடாளுமன்றம் மாஃபியா பற்றி விசாரணைக் குழு அமைக்கச் சட்டம் போட்டதே 1962 டிசம்பரில்தான். மாஃபியா அமைப்பில் இருப்பதே தனிக் குற்றம், சொத்தைப் பறிமுதல் செய்யலாம் என்ற சட்டம் வர 1982 செப்டம்பர் ஆயிற்று. அதை முன்மொழிந்த நாடாளுமன்ற உறுப்பினர் பியோ லா தோர்ரே அந்த ஏப்ரலிலேயே கொல்லப்பட்டார். மாஃபியாவை ஒடுக்க அனுப்பப்பட்ட கராபினியேரி ஜெனரல் தல்லா கியேசாவும் செப்டம்பர் 3 அன்று பலெர்மோவில் சுடப்பட்ட பிறகுதான் சட்டம் நிறைவேறியது. நீதிபதி ஃபால்கோனே காசோலைகளையும் வங்கிக் கணக்குகளையும் பின்தொடர்ந்து பெரும் வழக்கைக் கட்டியது 80-களில். ஒரு சிறிய நாவலின் கேப்டன் இருபது வருடம் முன்பே சொன்ன வழி அது.

குறுக்குவிசாரணை அவர்களுக்கு: போலித் தாளை நான் நியாயப்படுத்தவில்லை. அதே ஆள்தான் மோரியின் வழியை மறுத்தவர் என்பதையும் சேர்த்து எடைபோடுங்கள். இன்னொன்று, இந்தக் கேப்டன் முழுக்கக் கற்பனை அல்ல. அக்ரிஜென்தோவில் கராபினியேரி அதிகாரியாக இருந்த ரெனாத்தோ காந்திதா ஷாஷாவின் நண்பர், மாஃபியா பற்றிப் புத்தகமே எழுதியவர். அவரைப் பார்த்துத்தான் பெல்லோதி உருவானார்.

பலெர்மோத்தமிழ்:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க பலெர்மோவிலதான் இருக்கிறன். யாழ்ப்பாணத்தில இருந்து வந்து கனகாலம். இந்தப் புத்தகத்தை நான் தேடிப் போகேல்லை, மகளின்ர பள்ளிக்கூடப் பையுக்குள்ள இருந்துதான் வந்தது. இங்க கன பள்ளிக்கூடங்களில இதைப் படிப்பிக்கிறவை. எனக்கு இத்தாலியன் வாசிக்க மெதுவாத்தான் வரும், அவ வாசிச்சுச் சொல்ல நான் கேட்டுக்கொண்டு இருந்தனான்.

தண்டவாளம் அண்ணா சொன்ன பனெல்லேக்காரன்ர இடம் வந்தோடன மகள் சிரிச்சவ. வகுப்பில பிள்ளையள் எல்லாரும் சிரிச்சவையாம். எனக்குச் சிரிப்பு வரேல்லை. நாங்கள் இருக்கிறது பல்லாரோ சந்தைப் பக்கம். நான் வந்த புதுசில ஒருநாள் எங்கட தெருவில ஒரு கடைக் கண்ணாடியை உடைச்சுப் போட்டாங்கள். பொலிஸ் வந்து கேட்டது. நான் எதிர்வீட்டு வாசலிலதான் நிண்டனான். ஒண்டும் பாக்கேல்லை எண்டு சொன்னன். விசா, வேலை, பிள்ளை எல்லாம் மனசில வந்துது. ஊரில செக்பொயின்ருகளில பழகின வாய் அது, தன்ர பாட்டில மூடிக்கொள்ளும். அந்த பனெல்லேக்காரனை நீங்கள் எல்லாரும் கோழை எண்டு வாசிக்கிறியள். அவனுக்கும் பின்னேரம் அதே தெருவாலதான் வீட்ட போகவேணும். ஷாஷா அவன்ர பயத்தை விளங்கித்தான் எழுதினவர் எண்டு நான் நினைக்கிறன். அவர் ரக்கால்முத்தோவில பிறந்து அங்கயே பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தவர், வெளியில இருந்து பாத்து எழுதின ஆள் இல்லை.

ஆனா ஒண்டு சொல்ல வேணும். 1991-ல லிபெரோ கிராசி எண்டொரு ஆடைத் தொழிற்சாலை முதலாளி, கப்பம் கேக்கிறவங்களுக்குப் பேப்பரிலயே கடிதம் எழுதி, தரமாட்டன் எண்டவர். அந்த ஓகஸ்டிலயே சுட்டுப் போட்டாங்கள். தனியத்தான் நிண்டவர். பிறகு 2004-ல பெடியள் சேந்து ‘அதியோபித்சோ’ எண்டு தொடங்கி, கப்பம் குடுக்கிற சனம் மானமில்லாத சனம் எண்டு ராவோட ராவா நகரம் முழுக்க ஒட்டினவங்கள். இப்ப கப்பம் குடாத கடையளின்ர கண்ணாடியில அவையின்ர ஸ்டிக்கர் இருக்கும். 2016-ல இதே பல்லாரோ, வியா மக்வேதா தெருப் பக்கத்தில வங்காளதேசக் கடைக்காரர் சேந்து போய் முறைப்பாடு குடுத்து, கப்பம் வாங்கினவங்கள் பிடிபட்டவங்கள். எங்களைப்போல வந்தேறு சனம்தான் அவையும். மகளுக்கு அந்த இடத்தைச் சொல்லேக்க எனக்குக் குரல் தழுதழுத்திட்டுது.

நூலகத்தூண்:

பலெர்மோத்தமிழ் எழுதியதைப் படித்து மகிழ்ச்சி. ஆனால் எல்லோருமே இந்த நாவலைத் தவறான வரிசையில் உள்வாங்குகிறீர்கள் என்று தோன்றுகிறது. புதிதாகப் படிக்க வருபவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் அனுபவம் சிறியது. எனக்கு மறக்காதது பெயரில்லாத அந்த உரையாடல்கள். ஒரு காட்சி முடிந்ததும் திடீரென்று யாரோ இருவர் பேசுகிறார்கள். யார், எங்கே, என்ன பதவி என்று ஒன்றும் இல்லை. அந்தக் கேப்டனை எப்படி அடக்குவது, யாரிடம் சொல்வது என்று பேச்சு போகிறது. முதல் முறை அச்சுப் பிழையோ, பக்கம் விடுபட்டதோ என்று முன்னும் பின்னும் புரட்டினேன். பிறகுதான் உடம்பு சில்லிட்டது. பேர் இல்லாமல் இருப்பதே அவர்களின் அதிகாரம்.

இனி படிக்கும் முறை. முன்னுரையைத் தொடவே வேண்டாம், அதில் எல்லாவற்றையும் போட்டு உடைத்திருப்பார்கள். ஒரு தாளில் பெயர்களையும் பக்கத்திலேயே பட்டப்பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். மார்கீக்காவும் ஸிக்கினெத்தாவும் ஒரே ஆள் என்று மறந்தால் நடுவில் தொலைந்துபோவீர்கள். போலீசுக்குத் தகவல் சொல்லும் பரினியெத்து யார் யாரைப் பார்த்து நடுங்குகிறான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், சாவதற்கு முன் அவன் அனுப்பும் கடிதத்தில் இருக்கும் இரண்டு பெயர்கள் அப்போதுதான் அடிவயிற்றில் இறங்கும். பெயரில்லாத உரையாடல்களைப் பென்சிலால் ஓரத்தில் கோடிடுங்கள், முடித்தபின் அவற்றை மட்டும் தொடர்ச்சியாகப் படியுங்கள். அதற்குள் இன்னொரு கதையே ஓடுகிறது.

தொடக்கத்தில் ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றியிலிருந்து ஒரு வரி இருக்கும், பகலில் வெளிவந்த ஆந்தையைப் பற்றியது. அதைத் தாண்டிப் போகாதீர்கள். இறுதிக் குறிப்பைக் கடைசியில்தான் படிக்க வேண்டும். ஒரு கோடையிலிருந்து மறு கோடை வரை இந்தக் கதையைச் சுருக்குவதிலேயே செலவிட்டேன் என்கிறார் ஷாஷா. வழக்குப் போடுவார்கள் என்ற அச்சமும் ஒரு காரணம் என்று மறைக்காமல் சொல்கிறார். அதைப் படித்தபின் நாவல் ஏன் அங்கங்கே வாயை மூடிக்கொள்கிறது என்று விளங்கும்.

1968-ல் தமியானோ தமியானி எடுத்த படம் இருக்கிறது. ஃபிராங்கோ நீரோ, கிளாவுதியா கார்தினாலே நடித்தது. அதை முதலில் பார்க்காதீர்கள். பார்த்தால் நிக்கோலோசியின் விதவைக்கு கார்தினாலேவின் முகம் ஒட்டிக்கொள்ளும், நாவலில் வரும் அந்த ஏழைப் பெண் உங்கள் மனத்தில் வரவே மாட்டாள். அவசரமாகவும் படிக்காதீர்கள். மெல்லிய புத்தகம், ஓர் இரவில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படி முடித்தவர்கள்தான் முடிவு சப்பென்று இருக்கிறது என்கிறார்கள்.

குறுக்குவிசாரணை:

ஈரமண், சாட்சிகளால்தான் வழக்கு உடைந்தது என்பது சரி. நான் கேட்டது வேறு. அந்த ஒப்புதல் நேர்வழியில் வந்திருந்தால் அதே பொய்ச் சாட்சிகளை எதிர்த்து நின்றிருக்குமா என்பதுதான்.

பற்றுவரவு ஐயா, மோரியைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. அதையே ஷாஷாவின் பிற்காலத்தோடும் சேர்த்துப் பாருங்கள். 1987 ஜனவரி 10 அன்று ‘கொரியெரே தெல்லா செரா’ நாளிதழில் எழுதிய கட்டுரையில், மாஃபியா எதிர்ப்பே பதவிக்கும் செல்வாக்கிற்கும் ஏணியாகிறது என்று எச்சரித்தார். மாஃபியா வழக்குகளை விசாரித்த நீதிபதி பொர்செல்லீனோவை மர்சாலாவின் தலைமை அரசு வழக்கறிஞராக நியமித்த முறையையும் கேள்வி கேட்டார். நல்ல நோக்கத்துக்காகவும் விதியை வளைக்காதே என்பது அவர் கடைசி வரை பிடித்திருந்த நிலை. ஆகவே அந்தப் போலித் தாளை அவர் தெரிந்தேதான் கதையில் வைத்தார் என்பேன்.

பற்றுவரவு:

அந்தக் கட்டுரை பொர்செல்லீனோவைத் தனிமைப்படுத்திக் காயப்படுத்தியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1992 ஜூலையில் அவரைக் கொன்றார்கள். ஃபால்கோனே அதற்கு இரண்டு மாதம் முன்பு. ஷாஷா 1989-லேயே மறைந்துவிட்டதால் இந்த இரண்டையும் பார்க்கவில்லை. நாவலாசிரியரை மதிக்கிறேன். கட்டுரையாளர் ஆள் தெரியாமல் அம்பு விட்டார் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

வேப்பநிழல்:

தண்டவாளம், நீங்க கேட்டதை ரெண்டு நாளா யோசிச்சேன். அடுத்தவன் வாயை அடைச்சவர்ங்கிறது சரிதான், அதை நான் மறுக்கல. ஆனா பெல்லோதிக்கும் அது தெரியும், தெரிஞ்சும் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்துடுச்சேங்கிறதுதான் என் கேள்வி. பலெர்மோத்தமிழ், உங்க மகளோட வகுப்புல அந்த விசாரணைக் காட்சியை எப்படிப் பேசினாங்கன்னு தெரிஞ்சா எழுதுங்க.

பலெர்மோத்தமிழ்:

கேட்டனான் அண்ணா. ரீச்சர் ‘நீங்களும்தான்’ எண்ட அந்த இடத்தில நிப்பாட்டி, கேப்டன் அப்பிடிச் சொன்னது சரியோ பிழையோ எண்டு வகுப்பை ரெண்டாப் பிரிச்சு வாதாட விட்டவவாம். மகள் பிழை எண்ட பக்கம். காரணம் ஈரமண் அக்கா சொன்னதுதான்: அந்த மனுசி கேப்டனை நம்பிப் பேர் சொன்னவ, அவளுக்கு அவர் அப்பிடி ஒரு வார்த்தை சொல்லேல்லையே எண்டு.

ஈரமண்:

உங்க மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்க. வக்கீல் சார், போலித் தாளைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் பேசலாம், நானும் வர்றேன். ஆனா இந்த வழக்குல உண்மையான வாக்குமூலம்னு ஒண்ணு இருந்துச்சு, யாரும் மிரட்டாம, ஏமாத்தாம வந்தது. அது அவளோடது. அதைத்தான் கடைசியில அவ மேலயே திருப்பிவிட்டாங்க. நீங்க எழுதின ரெண்டு பதிவுலயும் அது இல்ல.